கரையிறங்கிய கடலோடியும் திருகோணமலைப் புறாத்தீவும்

கடலிலேயே வாழ்நாளைக் கழிக்கிறவன் கடலுக்குள் ஒருமுறையேனும் இறங்கிப் பார்த்ததில்லை என்று சொன்னால் கேட்பவருக்கு நம்பக் கடினமாயிருக்கும். ஆயினும் சரக்குக் கப்பலில் ஊழியம் புரியும் கடலோடிகள் பலருடைய நிலைமை அதுவே. நீர்மட்டத்துக்கு மேலே பல ஆள் உயரத்தில் அமைந்த இரும்புத் தளத்தின் மீது நின்றுதான் அவன் சமுத்திரத்தைக் காண்கிறான். வேலையில் சேருமுன் அவனுக்கு அளிக்கப்படும் உயிர்காப்புப் பயிற்சி, அவன் நாள்தோறும் பற்றிக்கொள்ளும் கைப்பிடிக் கம்பி, இடுப்பில் பூட்டிக்கொள்ளும் பாதுகாப்புக் கயிறு ஆகிய அனைத்தும், அவன் அந்த நீரில் விழுந்துவிடக் கூடாது என்ற ஒரே நோக்கத்தோடு ஏற்பட்டவை. கடல் அவனுக்குப் பாதை. அதே சமயத்தில் அவன் அஞ்சி விலகவேண்டிய அபாயமும் அதுதான்.

புதுச்சேரியை அடுத்த எங்கள் வீராம்பட்டினத்து மீனவருடைய அநுபவம் இதனின்றும் வேறானது. அவர்களுக்குக் கடல் கைக்கெட்டும் பொருள். படகின் விளிம்பில் சாய்ந்து வலையை இழுக்கும்போது முழங்கை வரை நனைந்துதான் அன்றைய பாட்டைத் தேடுகிறார்கள். ஆனால் மீன் அவர்கள் கண்ணுக்குத் தென்படுவது வலையில் ஏறிய பிறகுதான். அது உயிரோடு தன் இடத்தில் எவ்வாறு திரிகிறது, எந்தப் பாறைக்கு அடியில் உறங்குகிறது, எந்த நிறத்தோடு விளங்குகிறது என்பவற்றை நீரின் மேலிருந்தே ஊகித்து அறிந்த பெருமை அவர்களுக்கு உண்டு. கண்ணால் கண்டவர் சிலரே. புதுச்சேரித் துறைமுகத்தின் சுவர்கள் எழுந்த பிறகு, தெற்கிலிருந்து வரும் மணல் ஒதுங்கி அகன்றுபோன எங்கள் கடற்கரையில் நின்று, தொடுவானத்தில் புள்ளியாய் நகரும் சரக்குக் கப்பல்களைப் பார்க்கும்போதெல்லாம், அதில் இருக்கும் மனிதர்களும் கரையில் நிற்கும் நாமும் கடலின் மேற்பரப்பை மட்டுமே சொந்தமாகக் கொண்டவர்கள் என்ற எண்ணம் எனக்கு எழுவதுண்டு. அந்த மேற்பரப்புக்குக் கீழே ஒரு நாள் பார்வை செலுத்தும் வாய்ப்பு ஒரு கடலோடிக்கு எங்கே, எவ்விதம் கிடைக்கக் கூடும் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பண்டைக் காலத்தில் கடலோடிக்குக் கரையில் தங்கும் நாட்களுக்குப் பஞ்சமில்லை. எங்கள் ஊரை அடுத்து அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் இருக்கும் அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தெடுத்த மதுச்சாடிகளின் துண்டுகளும், இத்தாலிய நாட்டுச் செந்நிறக் கலங்களின் ஓடுகளும், யவன தேசத்து வாணிபம் இக்கரை வரை நீண்டதைத் தெரிவிக்கின்றன. அவருக்குப் பின் அங்கே அகழ்ந்த பிரெஞ்சு அறிஞர் கசால், 1949-இல் வெளியிட்ட தம் நூலின் பெயரிலேயே வீராம்பட்டினத்தையும் அரிக்கமேட்டையும் சேர்த்து எழுதினார். அந்த வாணிபம் முழுவதும் பருவக்காற்றை நம்பியே நடந்தது. ஒரு காற்று கொண்டுவந்து சேர்த்த கப்பல், அதற்கு எதிர்க்காற்று பிறக்கும் வரையில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவரையில் மாலுமிகள் கரையிலே உண்டு, உறங்கி, கப்பலைச் செப்பனிட்டு, அந்நிய ஊரின் பாஷையையும் பழக்கங்களையும் கற்றுக்கொண்டார்கள்.

நீராவி வந்து காற்றின் தயவைப் போக்கிற்று. பெட்டகக் கப்பல் வந்து காத்திருப்பையே போக்கிவிட்டது. ஆயிரக்கணக்கான பெட்டகங்களை இறக்கி ஏற்றிக்கொண்டு ஒரு நாளுக்குள்ளாகவே புறப்பட்டுவிடும் கப்பலில் இருப்பவன், உலகத்தின் பெருந் துறைமுகங்களையெல்லாம் தொட்டும் எந்த ஊரையும் காணாதவனாகவே திரும்புகிறான். 2001-இல் அமெரிக்காவில் நேர்ந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பின் வகுக்கப்பட்டு 2004-இல் நடைமுறைக்கு வந்த துறைமுகப் பாதுகாப்பு விதிகள், பல நாடுகளில் அவன் வாயிலைத் தாண்டுவதையே கடினமாக்கின. கொள்ளைநோய் பரவிய 2020-ஆம் ஆண்டிலோ, ஒப்பந்தக் காலம் முடிந்தும் வீடு திரும்ப வழியின்றிக் கப்பல்களிலேயே அகப்பட்டுக்கொண்டவர்கள் ஏறத்தாழ நாலு லட்சம் பேர் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு கணக்கிட்டது. கடலோடிகளின் உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் உகந்தவாறு அவர்களைக் கரையிறங்க விடவேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை விதிக்கிறது. இந்தியா அதனை 2015-இல் ஏற்றுக்கொண்டது. கரையில் கழிக்கும் ஒரு நாளை முதலாளி மனமிரங்கி அளிக்கும் சலுகையாகக் கருதும் மனோபாவம் இன்னும் மாறவில்லை என்பதால், அது உரிமை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

அத்தகைய ஒரு நாள் முழுதாகக் கிடைக்கக் கூடிய துறைமுகங்களில் ஒன்று இலங்கையின் திருகோணமலை. அங்கே பெரும்பாலும் வருபவை பெட்டகக் கப்பல்கள் அல்ல. மாவு ஆலைக்குக் கோதுமையும், சிமெண்டு ஆலைக்கு மூலப்பொருளும், எண்ணெய்க் குதங்களுக்கு எரிபொருளும் கொண்டுவரும் கப்பல்கள். மொத்தமாகக் கொட்டிய தானியத்தை அள்ளி இறக்க நாட்கள் பிடிக்கும்; மழைத் தூறல் விழுந்தால் கோதுமை நனையாதிருக்கச் சரக்கறையின் மூடிகளை அடைத்துவிட்டுக் காத்திருக்கவும் நேரும். அந்த இடைவெளியில் கப்பல் முகவர் பெற்றுத்தரும் கரையிறங்கும் அனுமதிச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, முறை வைத்து இரண்டிரண்டு பேராக ஊருக்குள் போகலாம்.

திருகோணமலைக்கும் எங்கள் புதுச்சேரிக் கரைக்கும் உள்ள உறவு நினைவுகூரத் தக்கது. எங்கள் பக்கத்தில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்க, சலங்கு என்னும் தோணிகள் அலைகளைக் கடந்து ஆட்களையும் சரக்குகளையும் கரை சேர்த்தன. வாடைக்காற்றுக் காலத்தில் இத்திறந்த கடலில் எந்தக் கப்பற்படையும் தரித்திருக்க இயலாது. ஆகையினாலேயே 1782-இல் சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரோடு போரிட்டுக்கொண்டிருந்த பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சஃப்ரென், மலைகள் சூழ்ந்து எக்காற்றுக்கும் அசையாத அந்தத் திருகோணமலைத் துறையைக் கைப்பற்றத் துடித்து, ஆகஸ்டு மாத இறுதியில் கைப்பற்றியும் விட்டார். செப்டம்பர் 3-ஆம் தேதியன்று அதன் வாயிலிலேயே இரு படைகளும் மோதின. தேசங்கள் அந்தத் துறைக்காகச் சிந்திய இரத்தம் கொஞ்சமன்று. இன்று அதே நீரில் ஒரு சாமானிய மாலுமி அமைதியாகப் படகேறிப் போகிறான் என்பதில் எனக்கு மனநிறைவு உண்டு.

நகரிலிருந்து வடக்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டர் சென்றால் நிலாவெளி. அங்கே கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவில் பெரிய புறாத்தீவு, சிறிய புறாத்தீவு என்ற இரண்டு திட்டுகள் கடலிலிருந்து எழுந்து நிற்கின்றன. பெரியது இருநூறு மீட்டர் நீளமும் நூறு மீட்டர் அகலமும் உடையது என்று சொன்னால், அது எவ்வளவு சிறிய இடம் என்பது விளங்கும். பாறை இடுக்குகளில் கூடு கட்டும் மாடப்புறாக்களால் அதற்கு அப்பெயர் வந்தது. ஊர்ப்புறாக்களின் மூதாதையான அந்தப் பறவை, மனிதர் கட்டிய கோபுரங்களையும் மாடங்களையும் நாடாமல், இன்னும் காட்டியல்போடு வாழும் இடங்கள் இலங்கையில் மிகச் சில. ஆங்கிலேயர் காலத்தில் கடற்படையினர் துப்பாக்கிப் பயிற்சிக்கு இலக்காக வைத்துச் சுட்ட தீவும் இதுவே. 1963-இல் சரணாலயமாகவும், 2003-இல் தேசியப் பூங்காவாகவும் அது அறிவிக்கப்பட்டது. ஹிக்கடுவைக்கு அடுத்தபடியாக இலங்கையில் ஏற்பட்ட கடற் பூங்கா இதுவாகும்.

போவதற்கு உகந்த காலம் சித்திரை முதல் புரட்டாசி வரை. தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையின் மேற்குக் கரையில் மழையைக் கொட்டி, நடுமலைகளில் மோதி ஈரத்தை இழந்து, கிழக்குக் கரைக்கு நிலத்தின் மேலாக வரும் வறண்ட கச்சானாக வீசுகிறது. ஆதலால் அக்காலத்தில் நிலாவெளிக் கடல் பெரும்பாலும் குளம் போல் கிடக்கும். ஐப்பசிக்குப் பின் வாடை திரும்பிவிட்டால், எங்கள் வீராம்பட்டினத்தைப் போலவே அங்கும் அலை எழும்பி, அடிமணல் கலங்கி, நீருக்குள் ஒன்றும் தெரியாது.

கடற்கரையில் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிச் சீட்டைப் பெற்று, உள்ளூர்ப் படகோட்டியின் படகில் ஏறினால் சில நிமிஷங்களில் தீவை அடையலாம். உயிர்காப்பு அங்கியை எடுத்துக் கொடுப்பார்கள். கப்பலில் அந்த அங்கியை அணிவது ஆபத்து மணி ஒலிக்கும்போதுதான். அதைப் பூட்டிக்கொள்ளும் கணத்தில் மனம் தானாகவே தீயையும் மூழ்குதலையும் எண்ணும். அதே அங்கியை அணிந்து, எவரும் துரத்தாமல், தானாக விரும்பி நீரில் இறங்குவது கடலோடிக்குச் சிறிய காரியம் அன்று. பயிற்சியின் சுபாவம் முழுவதும் அதற்கு எதிராக இழுக்கும். நீந்தத் தெரியாதவர்களும் மாலுமிகளிடையே உண்டு. அவர்கள் அதைச் சொல்லக் கூசாமல் படகோட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இதற்கு வேண்டிய சாதனங்கள் இரண்டுதான்: மூக்கையும் சேர்த்து மூடும் முகக்கண்ணாடி ஒன்று, வாயில் கவ்விக்கொள்ளும் மூச்சுக்குழாய் ஒன்று. இவற்றின் தத்துவம் எளியது. வெறுங்கண்ணை நீருக்குள் திறந்தால் எல்லாம் மங்கலாகத் தெரிவதற்குக் காரணம், விழியின் முன்னுள்ள தெளிந்த படலம் ஒளியை வளைக்கும் திறன் காற்றோடு உறவாடும்போதுதான் முழுமையாக விளங்கும் என்பதும், நீரும் அப்படலமும் ஒளியை ஏறக்குறைய ஒரே விதமாகக் கடத்துவதால் நீருக்குள் அத்திறன் அற்றுப்போகும் என்பதும் ஆகும். கண்ணாடிக்குள் அடைபட்டிருக்கும் சிறிதளவு காற்று கண்ணுக்கு அதன் பழைய வல்லமையைத் திருப்பித் தருகிறது. ஒரு விந்தையையும் அது கூடவே செய்கிறது: பொருள்கள் உள்ள தூரத்தில் நாலில் ஒரு பங்கு கிட்டத்திலும், உள்ள அளவைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தோன்றும். முதன்முறை இறங்கியவர் தாம் கண்ட சுறாவின் நீளத்தைச் சொல்லும்போது இதை மனத்தில் வைத்துக் கேட்பது உசிதம்.

குழாய் ஒரு முழத்துக்கும் குறைவான நீளத்தில் ஏன் இருக்கிறது, அதை நீட்டிவிட்டால் ஆழத்திலே கிடந்தே மூச்சு விடலாமே என்று சிறுவர்கள் கேட்பார்கள். ஒரு மீட்டர் ஆழத்திலேயே மார்பின் மேல் கூடுதலாக விழும் நீரின் பாரம் வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்காகிவிடும். அதை எதிர்த்து மேலிருந்து காற்றை இழுக்கும் பலம் நம் மார்புத் தசைகளுக்கு இல்லை. விட்ட மூச்சே நீண்ட குழாயில் தங்கித் திரும்பத் திரும்ப உள்ளே வரும் தீங்கும் உண்டு. ஆகவே முகத்தை மட்டும் நீரில் பதித்து, உடலை மேற்பரப்பில் மிதக்கவிட்டு, நிதானமாக மூச்சு விடுவதே இக்கலையின் முழுச் சாரம். மன்னாரில் முத்துக் குளித்தவர்களும் தூத்துக்குடியில் சங்கு குளித்தவர்களும் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, உயிரைப் பணயம் வைத்து இறங்கிய உலகத்தின் மேல்மாடத்தை, இன்று ஒரு சாமானியன் இவ்வளவு சுலபமாக எட்டிப் பார்க்கலாம்.

தலை நீரில் அமிழ்ந்தவுடன் முதலில் மாறுவது ஓசை. எந்நேரமும் எந்திரத்தின் உறுமலோடே வாழ்ந்து, உறக்கத்திலும் அதைக் கேட்டுப் பழகிய செவிக்கு, தன் மூச்சின் ஒலியும் எங்கோ பவளத்தைக் கொறிக்கும் மீன்களின் மெல்லிய நெறுநெறுப்பும் மட்டுமே எட்டுகின்றன. பிறகு கண் பழகுகிறது. மான்கொம்பு போலக் கிளைத்தவை, மேசை போலத் தட்டையாய் விரிந்தவை, உருண்டு திரண்டு மூளையின் மடிப்புகளைக் காட்டுபவை என்று முருகைக்கற்கள் என்னும் பவளங்கள் அணிவகுத்துத் தெரியும். இவை கல்லும் அல்ல, செடியும் அல்ல. கோடிக்கணக்கான நுண்ணிய பிராணிகள் சுண்ணாம்பைச் சுரந்து கட்டிய கூட்டு வீடுகள். அப்பிராணியின் உடலுக்குள்ளேயே ஓரணுப் பாசி குடியிருந்து, சூரிய ஒளியினால் உணவு சமைத்து, அதில் பெரும்பங்கை வீட்டுக்காரனுக்குக் கொடுக்கிறது; வீட்டுக்காரன் அதற்குத் தங்க இடமும் உரமும் கொடுக்கிறான். உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். ஒரு மனிதன் உயரத்துக்கு எழுந்த பவளத்தைப் பார்க்கிறவன், ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வயதுடைய ஒன்றைப் பார்க்கிறான் என்று கொள்ளலாம்.

கிளிமீன் அலகு போன்ற பற்களால் பாறையைச் சுரண்டித் தின்று, மிஞ்சிய சுண்ணாம்பை வெண்மணலாகக் கழித்துப் போகும். தீவுகளின் கண்கவர் வெண்மணலில் கணிசமான பங்கு இம்மீன்களின் வயிற்றின் வழியே வந்தது. வண்ணத்துப்பூச்சி மீன்கள் சோடி சோடியாகத் திரியும். களவா பொந்தின் வாயிலில் அசையாமல் காத்திருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் அழுங்காமை ஒன்று கடற்பஞ்சைப் பிய்த்துத் தின்பதைக் காணலாம். தீவின் ஒருபுறத்தில், துடுப்பின் நுனியில் மை தோய்த்தாற்போன்ற கருமுனைச் சுறாக்கள் ஆழமற்ற நீரிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் ஐந்தடிக்கு மேல் வளராத, கூச்ச சுபாவம் உடைய இச்சுறாக்கள் சிறு மீன்களைத் தின்று வாழ்பவை. மனிதன் நெருங்கினால் விலகிப் போகும்.

இங்கேதான் கடலோடிக்கு ஒரு கடினமான பாடம் ஏற்படுகிறது. கப்பலில் அவன் கைகளுக்கு ஓய்வே கிடையாது. கயிறு, சங்கிலி, துருச் சுரண்டி, வர்ணத் தூரிகை என்று ஏதேனும் ஒன்றைப் பற்றியே பழகிய கைகள் அவை. எங்கள் மீனவரின் கைகளோ எடுப்பதற்கென்றே பழகியவை. பூங்காவோ, எதையும் தொடாதே, எதையும் எடுக்காதே, எதன்மீதும் நிற்காதே என்று விதிக்கிறது. ஒரு கால் உதையில் ஒடியும் பவளக் கிளை மீண்டும் தழைக்க ஆண்டுகள் ஆகும். உள்நாட்டுப் போர் 2009-இல் ஓய்ந்தபின் நிலாவெளிக்கு வருவோர் பெருகவே, ஆழமற்ற பகுதிகளில் பலரும் பவளத்தின் மேலேயே நின்று இளைப்பாறி அதை நொறுக்கினர். உடலில் பூசும் வெயில் காப்புக் களிம்புகளிலும் பவளத்துக்குக் கேடு செய்யும் இரசாயனங்கள் உண்டு. ஹவாய் மாநிலம் 2018-இல் சட்டமியற்றி அவற்றில் இரண்டை விலக்கிற்று. களிம்புக்குப் பதிலாக முழுக்கைச் சட்டையோடு இறங்குவது தோலுக்கும் கடலுக்கும் ஒருங்கே நல்லது.

மனிதரின் கால்களைவிடப் பெரிய பகை வெப்பம். வழக்கமான கோடை உச்சத்துக்கு மேல் ஒரு பாகை வெப்பம் சில வாரங்கள் நீடித்தாலே பவளப்பிராணி தன் உள்ளிருக்கும் பாசியை வெளியேற்றிவிட்டு, நிறமிழந்து வெளுத்து, அந்நிலை தொடர்ந்தால் பட்டினியால் மடிகிறது. 1998-இல் இந்துமாக்கடல் முழுவதும் அவ்வாறு கொதித்தபோது இலங்கையின் தென்மேற்குக் கரைப் பவளத் திட்டுகள் பெரும்பாலும் அழிந்தன. திருகோணமலைப் பக்கம் பெருஞ்சேதமின்றித் தப்பிற்று. தப்பிய அந்த இடத்தையும் நாம் மிதித்து அழிப்போமானால் அதைவிடக் கொடுமை வேறில்லை.

கரையிறங்கும் அனுமதிச் சீட்டில் நேரம் மிச்சமிருந்தால் திரும்பும் வழியில் கோணேசர் மலைக்கு ஏறலாம். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் இடித்துக் கடலில் தள்ளிய ஆலயத்தின் தூண்களும் கற்களும் அம்மலையடி நீரில் கிடப்பதை, 1956-இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் தோழர் மைக் வில்சன் மூழ்கிக் கண்டார். ஒரு லிங்கமும் மீட்கப்பட்டது.

கடலடியைக் காணும் இந்த அநுபவத்துக்காக அயல்நாடு போக வேண்டுமா, நம் நாட்டில் இல்லையா என்று கேட்பவர்க்கு மன்னார் வளைகுடாவைச் சுட்டுகிறேன். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் தமிழக அரசு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. அதன் பரப்பு 560 சதுர கிலோமீட்டர். அங்கே பல தலைமுறைகளாகச் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டினார்கள். வெட்டிய இடங்களில் அலையைத் தடுக்க ஒன்றும் இல்லாமற்போகவே, பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரு தீவுகள் நீருள் மறைந்தன. தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான்தீவும் கரைந்து சுருங்கியதால், அதைக் காக்கச் செயற்கைப் பாறைகளை அரசு இறக்கியது. அத்தீவுகளில் பெரும்பாலானவற்றில் இறங்குவதற்குப் பொதுமக்களுக்குத் தடை இருக்கிறது. அவற்றைச் சுற்றி மீன்பிடித்தும் பாசி சேகரித்தும் வாழ்ந்த மக்களுக்கு அத்தடை பெரும் துன்பமாய் முடிந்ததை நான் மறுக்கவில்லை. பூங்கா அமைப்போர் அவர்களுடைய பிழைப்புக்கு முதலில் வழி சொல்லியிருக்க வேண்டும். ஆயினும் காயம்பட்ட தீவுக்கு ஆள் போக்குவரத்து இல்லாத காலம் தேவைதான்.

ஆகவே தூத்துக்குடித் துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பலின் தளத்திலிருந்து அந்தத் தீவுகளைத் தூரத்தில் காணும் மாலுமி இப்போதைக்குக் கண்டதோடு நிற்க வேண்டியதுதான். திருகோணமலைக்குச் செல்பவனுக்கு அந்தத் தடை இல்லை. முகவர்களும் துறைமுகத்து மாலுமி நலச் சங்கங்களும், கடைத்தெருவுக்கு வண்டி அனுப்புவது போலவே நிலாவெளிக்கும் ஒரு வண்டியும், கடன் கொடுக்கச் சில முகக்கண்ணாடிகளும் ஏற்பாடு செய்தால் செலவு அதிகமாகாது. எங்கள் ஊரில் மீன்பிடித் தடைக்காலமாகிய ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்களில், விசைப்படகுகள் கரையேறி நிற்கும்போது, வீராம்பட்டினத்துப் பிள்ளைகளுக்கும் முகக்கண்ணாடி அணிந்து மிதக்கக் கற்றுக்கொடுக்கலாம். பிற்காலத்தில் அவர்களுள் எவனேனும் கப்பலேறித் திருகோணமலை அடைந்தால், அன்று நீரில் இறங்க அவன் தயங்க மாட்டான்.